சென்னையிலிருந்து ஷெங்கன் விசா: முதல்முறை விண்ணப்பிப்பவர்களுக்கு

ஐரோப்பா சுற்றுலா என்றதும் பெரும்பாலானோர் முதலில் விமான டிக்கெட் விலையைத்தான் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது பாஸ்போர்ட்டை. அதற்கு அடுத்தது வங்கிக் கணக்கை. இவை இரண்டும் ஒழுங்காக இருந்தால் ஷெங்கன் விசா அப்படியொன்றும் எட்டாத விஷயம் அல்ல. நிராகரிக்கப்படும் விண்ணப்பங்களில் பல, பணம் இல்லாததால் நிராகரிக்கப்படுவதில்லை. ஒரு தாளில் இருப்பதும் இன்னொரு தாளில் இருப்பதும் ஒத்துப்போகாததால்தான் மாட்டிக்கொள்கின்றன. விசா அதிகாரி உங்களை நேரில் பார்ப்பதில்லை. அவர் கையில் இருப்பது உங்கள் கோப்பு மட்டும்தான். அதில் உள்ள ஒவ்வொரு தாளும் ஒரே ஆளைப் பற்றி, ஒரே பயணத்தைப் பற்றி, ஒரே கணக்கைச் சொல்ல வேண்டும். கீழே உள்ள எல்லாப் படிகளும் அதற்காகத்தான்.

ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் தொகுப்புதான் ஷெங்கன் பகுதி. இதில் இப்போது 29 நாடுகள் உள்ளன. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் 25, அவற்றோடு சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன். பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 ஜனவரி 1 முதல் முழுமையாகச் சேர்ந்துவிட்டன. பிரிட்டன், அயர்லாந்து, சைப்ரஸ் ஆகியவை இதில் இல்லை. லண்டனும் போக நினைத்தால் அதற்குத் தனி விசா வேண்டும். அது ஷெங்கன் விசாவையும் பாதிக்கும், அதைப் பின்னால் பார்ப்போம்.

முதலில் பாஸ்போர்ட்

மூன்று நிபந்தனைகள். ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறும் நாளிலிருந்து குறைந்தது 3 மாதம் செல்லுபடியாக வேண்டும். வழங்கப்பட்டு 10 ஆண்டுக்குள் இருக்க வேண்டும். குறைந்தது இரண்டு பக்கம் வெறுமையாக இருக்க வேண்டும். 3 மாதம் என்பது சட்டம் கேட்பது. உங்கள் பாஸ்போர்ட்டில் ஒரு வருடத்துக்கும் குறைவாக இருந்தால், விண்ணப்பிக்கும் முன்பே புதுப்பித்துவிடுவது நல்லது. காலாவதிக்கு ஒரு வருடம் முன்பே புதுப்பிக்கலாம். பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் 'ரீ-இஷ்யூ' விண்ணப்பம், 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய், 60 பக்கத்துக்கு 2,000 ரூபாய், தட்கல் என்றால் மேலும் 2,000 ரூபாய். தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, திருச்சி, கோவை ஆகிய நான்கு மண்டல அலுவலகங்கள் இருக்கின்றன. உங்கள் முகவரி எதன் கீழ் வருகிறது என்பதை இணையதளமே காட்டிவிடும்.

பாஸ்போர்ட்டில் மேலட்டை பிய்ந்திருந்தாலோ, தண்ணீர் பட்டுப் பக்கம் அலை அலையாக இருந்தாலோ, புகைப்படப் பக்கத்தின் லேமினேஷன் பிரிந்திருந்தாலோ அதையும் மாற்றிவிடுங்கள். விசா கிடைத்துவிட்டாலும், கிழிந்த பாஸ்போர்ட்டோடு விமான நிலையத்தில் நின்றால் ஏறவிடாமல் திருப்பி அனுப்ப வாய்ப்புண்டு.

குழந்தைக்குப் புதிதாக பாஸ்போர்ட் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2023 அக்டோபர் 1-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிச் சான்றாகப் பிறப்புச் சான்றிதழை மட்டுமே ஏற்பார்கள். அதில் குழந்தையின் பெயர் ஏறியிருக்க வேண்டும். மருத்துவமனையில் பதிவு செய்தபோது பெயர் வைக்காமல் விட்டிருந்தால், மாநகராட்சியிலோ ஊராட்சியிலோ பெயரைச் சேர்த்துப் புதிய சான்றிதழ் வாங்கிய பிறகுதான் மற்ற வேலைகள்.

இனிஷியல்: நம் ஊர்க்காரர்களுக்கே உரிய சிக்கல்

இதில் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும். குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கம் நமக்குப் பெரும்பாலும் இல்லை. அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல். பாஸ்போர்ட்டோ இனிஷியலை ஏற்பதில்லை, விரித்து எழுதச் சொல்கிறது. விளைவு என்னவென்றால், முருகேசன் என்பவர் பாஸ்போர்ட்டில் 'முருகேசன்' பெயராகவும் 'ராமசாமி' சர்நேமாகவும் இருப்பார். ஆதாரில் 'முருகேசன் ஆர்'. வங்கியில் 'ஆர் முருகேசன்'. பான் அட்டையில் 'முருகேசன் ராமசாமி'. சம்பள ஸ்லிப்பில் வெறும் 'முருகேசன்'. நமக்கு இது எல்லாம் ஒரே ஆள் என்று பார்த்தவுடன் தெரியும். வார்சாவிலோ ரோமிலோ பயிற்சி பெற்று வந்த அதிகாரிக்குத் தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை.

செய்ய வேண்டியது இதுதான். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை மூலமாக வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக் கிளைக்கு பாஸ்போர்ட் நகலோடு போய் கே.ஒய்.சி. புதுப்பிப்பின்போதே பெயரை அதேபோல் மாற்றச் சொல்லுங்கள். வங்கியில் மாறிவிட்டால் ஸ்டேட்மென்ட்டும் அதே பெயரில் வரும். அலுவலகத்தில் விடுப்புக் கடிதம் வாங்கும்போது பாஸ்போர்ட்டில் உள்ளபடியே முழுப்பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் போட்டுத் தரச் சொல்லுங்கள். மாற்றவே முடியாத பழைய ஆவணங்களுக்கு, இரண்டு பெயரும் ஒரே ஆளைக் குறிப்பவை என்று நோட்டரியிடம் ஒரு பிரமாணப் பத்திரம் போதும். திருமணத்துக்குப் பின் பெயரின் பின்னால் கணவர் பெயரைச் சேர்த்த பெண்களுக்கும் இதே வழிதான். திருமணப் பதிவுச் சான்றிதழைக் கூடவே வைக்க வேண்டும்.

சர்நேம் கட்டம் காலியாக, ஒரே பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட் இன்னும் பலரிடம் இருக்கிறது. ஷெங்கன் விசாவுக்கு அது தடையல்ல. ஆனால் டிக்கெட் போடும்போது ஒவ்வொரு விமான நிறுவனமும் ஒவ்வொரு மாதிரி கேட்கும். சிலர் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் எழுதச் சொல்வார்கள். அந்த நிறுவனத்தின் விதியைப் படித்த பிறகே டிக்கெட் போடுங்கள். போகிற வழியில் துபாயில் இறங்கி இரண்டு நாள் தங்கும் எண்ணம் இருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் முதல் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா தருவதில்லை. தந்தை பெயரோ குடும்பப் பெயரோ பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் இருந்தால் ஏற்கிறார்கள். அடிக்கடி வெளிநாடு போகப்போகிறவர்கள் அடுத்த ரீ-இஷ்யூவிலேயே சர்நேமைச் சேர்த்துவிடுவது நல்லது என்பது எங்கள் கருத்து.

எந்த நாட்டுக்கு விண்ணப்பிப்பது

எந்த நாட்டு ஸ்லாட் (விண்ணப்பம் கொடுக்க மையத்தில் ஒதுக்கும் நேரம்) கிடைக்கிறதோ அங்கே போடலாம் என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. அதிக நாள் தங்கும் நாடு எதுவோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். பாரிஸில் 5 இரவு, சுவிட்சர்லாந்தில் 4, இத்தாலியில் 3 என்றால் பிரான்ஸ். எல்லா நாட்டிலும் சமமான நாட்கள் என்றால் முதலில் காலடி வைக்கும் நாடு. பயணத்தின் முக்கிய நோக்கம் ஒரு நாட்டில் இருந்தால், உதாரணமாகத் தங்கை திருமணம் ஜெர்மனியில் நடக்கிறது, மற்றதெல்லாம் சும்மா சுற்றல் என்றால், ஜெர்மனி.

ஸ்லாட்டுக்காக ஒரு நாட்டின் பெயரில் விசா வாங்கி அந்த நாட்டில் தங்காமலே திரும்பினால், எல்லையில் கேள்வி வரலாம். அடுத்த முறை விண்ணப்பிக்கும்போது நிச்சயம் உறுத்தும். ஹோட்டல் முன்பதிவுகள்தான் இதை நிரூபிப்பவை. ஆகவே பயணத் திட்டத்தை முதலில் தாளில் எழுதி இரவுகளை எண்ணி முடித்த பிறகே நாட்டைத் தேர்ந்தெடுங்கள்.

பெரும்பாலான ஷெங்கன் நாடுகளின் விண்ணப்பங்களை இந்தியாவில் வி.எஃப்.எஸ். குளோபல் மையங்கள் வாங்குகின்றன. ஸ்பெயினுக்கு பி.எல்.எஸ். இந்த மையங்களின் வேலை தாள்களை வாங்கிச் சரிபார்த்து, கைரேகை எடுத்து, தூதரகத்துக்கு அனுப்புவதோடு முடிந்தது. விசா தருவதா இல்லையா என்ற முடிவில் அவர்களுக்குப் பங்கில்லை. சில நாடுகளுக்குச் சென்னையில் கொடுத்தாலும் பரிசீலனை வேறு நகரத்தில் நடக்கும். தாள்கள் போய் வரும் நாட்களையும் கணக்கில் சேருங்கள்.

எப்போது தொடங்குவது

பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி வரம்பு 15 நாள். முடிவு சொல்ல அவர்களுக்கு 15 நாள் அவகாசம். கூடுதல் ஆய்வு தேவைப்பட்டால் 45 நாள் வரை போகலாம். ஸ்லாட் கிடைக்கக் காத்திருக்கும் நாட்கள் இந்தக் கணக்கில் சேராது. பள்ளி விடுமுறைக் காலத்துக்கு, அதாவது ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான பயணங்களுக்கு, ஸ்லாட் கிடைப்பதே பெரிய பாடு. மே மாதம் போக வேண்டுமென்றால் ஜனவரியிலேயே தாள்களைத் தயார் செய்து, பிப்ரவரியில் மையத்துக்குப் போய்விடுங்கள். ஸ்லாட் விற்கிறோம் என்று வாட்ஸ்ஆப்பில் வருபவர்களிடம் பணத்தையும் பாஸ்போர்ட் விவரத்தையும் கொடுத்துவிடாதீர்கள்.

விண்ணப்பப் படிவம்

ஒவ்வொரு நாட்டுக்கும் படிவத்தின் உள்ளடக்கம் ஒன்றுதான், நிரப்பும் இடம் வேறு. பிரான்ஸுக்கு 'பிரான்ஸ்-விசாஸ்' தளம், ஜெர்மனிக்கு 'விடெக்ஸ்'. கணினியில் நிரப்பி அச்செடுத்துக் கையெழுத்திட வேண்டும். தவறு நடக்கும் இடங்கள் சில:

'பிறந்தபோது இருந்த சர்நேம்' என்ற கட்டத்தில் திருமணத்துக்கு முந்தைய பெயர் வர வேண்டும். 'பிறந்த இடம்' என்பதில் பாஸ்போர்ட்டில் உள்ள ஊரையே எழுதுங்கள். பாஸ்போர்ட்டில் 'தஞ்சாவூர்' என்றிருக்க, படிவத்தில் 'கும்பகோணம்' என்று எழுத வேண்டாம். 'எத்தனை முறை நுழைவு' என்ற கேள்விக்கு, பயணத் திட்டப்படி எத்தனை முறை உள்ளே போகிறீர்களோ அதைக் குறியுங்கள். பாரிஸ், அங்கிருந்து லண்டன், மறுபடி ஆம்ஸ்டர்டாம் என்றால் இரண்டு நுழைவு தேவை. ஒன்று என்று குறித்து விசா வாங்கிவிட்டு லண்டன் போனால், ஆம்ஸ்டர்டாமுக்குள் நுழைய முடியாது. 'முன்பு ஷெங்கன் விசாவுக்குக் கைரேகை கொடுத்தீர்களா' என்ற கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள், தேதியும் விசா எண்ணும் நினைவிருந்தால் எழுதுங்கள். 59 மாதத்துக்குள் கொடுத்திருந்தால் பழையதையே எடுத்துக்கொள்ள வழியிருக்கிறது.

கையெழுத்து பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே இருக்க வேண்டும். படிவத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் கையெழுத்து கேட்கும். ஒன்றை விட்டாலும் மையத்திலேயே நிறுத்திவிடுவார்கள். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்திட வேண்டும்.

புகைப்படம் 35 மி.மீ. அகலம், 45 மி.மீ. உயரம். வெள்ளை அல்லது வெளிர் பின்னணி, முகம் படத்தில் 70 முதல் 80 சதவீதம், 6 மாதத்துக்குள் எடுத்தது. நம் ஸ்டுடியோக்களில் வழக்கமாகத் தரும் பாஸ்போர்ட் சைஸ் படத்தில் முகம் சின்னதாக இருக்கும். ஷெங்கன் அளவு என்று சொல்லியே எடுங்கள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு எடுத்தால் பளபளப்புப் பிரச்சினையே இல்லை.

பணம்: எவ்வளவு, எப்படி

எல்லோரும் கேட்கும் கேள்வி, கணக்கில் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது. ஒவ்வொரு நாடும் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று ஓர் அளவு வைத்திருக்கிறது. பிரான்ஸ் கேட்பது ஹோட்டல் முன்பதிவு இருந்தால் நாளொன்றுக்கு 65 யூரோ, இல்லாவிட்டால் 120 யூரோ. 12 நாளுக்கு ஹோட்டலோடு என்றால் ஒருவருக்கு 780 யூரோ. யூரோவை 100 ரூபாய் என்று வைத்தால் 78,000 ரூபாய். இது அடிமட்டக் கணக்கு. டிக்கெட், ஹோட்டல், ஊர் சுற்றும் செலவு எல்லாம் போக, திரும்பி வந்த பிறகும் உங்கள் வாழ்க்கை நடக்கும் அளவுக்குப் பணம் இருக்கிறது என்பது தெரிய வேண்டும். மாதம் 50,000 ரூபாய் சம்பளம் வாங்குபவர் 6 லட்சம் செலவில் ஐரோப்பா போகிறார் என்றால், அந்தப் பணம் எங்கே சேர்ந்தது என்ற கேள்வி இயல்பாகவே எழும். சேமிப்புப் பத்திரம், வைப்புத்தொகை ரசீது, மியூச்சுவல் ஃபண்ட் அறிக்கை அதற்குப் பதில் சொல்லும்.

கடைசி 3 மாத வங்கி ஸ்டேட்மென்ட்டை வங்கி முத்திரை, கையொப்பத்தோடு வாங்குங்கள். 6 மாதத்துக்கு எடுத்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. அதிகாரி கடைசி வரியில் உள்ள தொகையை மட்டும் பார்ப்பதில்லை. மாதாமாதம் பணம் எப்படி வந்து எப்படிப் போகிறது என்பதைப் படிக்கிறார். மூன்று மாதமாக 20,000 ரூபாயில் ஓடிய கணக்கில், விண்ணப்பத்துக்கு நான்கு நாள் முன்பு மைத்துனரிடமிருந்து 5 லட்சம் வந்து விழுந்தால், அது உதவி செய்யாது, கெடுத்துவிடும். கடனாக வாங்கிக் காட்டிய பணம் என்றே எடுத்துக்கொள்வார்கள். உண்மையிலேயே ஒரு பெருந்தொகை வந்திருந்தால், நிலம் விற்றது, சீட்டு எடுத்தது, வைப்புத்தொகை முதிர்ந்தது என எதுவாக இருந்தாலும், அதற்கான ஆவணத்தை வைத்து, கவர் லெட்டரில் (விண்ணப்பத்தோடு வைக்கும் விளக்கக் கடிதம்) ஒரு வரி எழுதிவிடுங்கள்.

சம்பளக்காரர்கள் 3 மாதச் சம்பள ஸ்லிப் கொடுக்க வேண்டும். ஸ்லிப்பில் உள்ள நிகரத் தொகையும் ஸ்டேட்மென்ட்டில் வரவான தொகையும் ரூபாய்க்கு ரூபாய் பொருந்துகிறதா என்று நீங்களே பென்சிலால் குறித்துப் பாருங்கள். ஒரு பகுதியைக் கையில் ரொக்கமாக வாங்குபவர்களுக்கு இங்கே இடிக்கும். விடுப்புக் கடிதம் நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் இருக்க வேண்டும். பதவி, பணியில் சேர்ந்த தேதி, சம்பளம், விடுப்பு எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, வேலைக்குத் திரும்பும் தேதி எல்லாம் அதில் வேண்டும். 'இவருக்கு ஆட்சேபணை இல்லை' என்ற ஒற்றை வரிக் கடிதத்தால் பயனில்லை.

சொந்தத் தொழில் செய்பவர்கள் ஜி.எஸ்.டி. பதிவு அல்லது உத்யம் சான்றிதழ், தொழில் கணக்கின் ஸ்டேட்மென்ட், வருமான வரி ரிட்டர்ன் வைக்க வேண்டும். தொழில் கணக்கு மட்டும் போதாது, தனிநபர் கணக்கும் வேண்டும். விவசாயிகளிடம் பெரும்பாலும் ஐ.டி. ரிட்டர்ன் இருக்காது. பட்டா, சிட்டா, அடங்கல், விளைபொருள் விற்ற ரசீது, அந்தப் பணம் வரவான வங்கிக் கணக்கு ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுக்கலாம். தமிழில் உள்ள ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு அவசியம். ஓய்வூதியர்களுக்குப் பென்ஷன் ஆணையும் பென்ஷன் வரவாகும் கணக்கும். மாணவர்களுக்குப் பள்ளி, கல்லூரியிலிருந்து போனஃபைடு சான்றிதழ். இல்லத்தரசிகளுக்குக் கணவரின் தாள்களும் திருமணச் சான்றும், அவர் செலவை ஏற்கிறார் என்ற கடிதமும்.

இவை எல்லாம் பணத்தை மட்டும் காட்டுவதில்லை. வேலை, குடும்பம், வீடு, படிக்கும் பிள்ளைகள் என நீங்கள் திரும்பி வருவதற்கான காரணங்களையும் காட்டுகின்றன. இருபத்தைந்து வயது, திருமணமாகவில்லை, வேலையில் சேர்ந்து இரண்டு மாதம், இதுவரை வெளிநாடே போனதில்லை என்றால் அதிகாரி தயங்குவார். அப்படிப்பட்டவர்கள் முதல் பயணத்தை 7, 8 நாளுக்குள் வைத்துக்கொண்டால் செலவுக் கணக்கும் விடுப்பும் நம்பும்படி இருக்கும்.

டிக்கெட், ஹோட்டல், காப்பீடு

விசாவுக்கு முன் முழுப் பணம் கட்டி டிக்கெட் வாங்க வேண்டாம். போக வர முன்பதிவு இருந்தால் போதும். விமான நிறுவனங்களிலேயே சிறு கட்டணத்துக்குச் சில நாள் இருக்கையைப் பிடித்து வைக்கும் வசதி உண்டு. அல்லது ரத்து செய்தால் பணம் திரும்பும் டிக்கெட்டை எடுக்கலாம். கணினியில் திருத்திய போலி டிக்கெட் பக்கம் போகவே கூடாது. பி.என்.ஆர். எண்ணைச் சரிபார்க்க ஒரு நிமிடம் போதும்.

ஹோட்டல் விஷயத்தில் ஓர் இரவுகூட விட்டுப்போகக் கூடாது. ரயிலில் கழியும் இரவு இருந்தால் அதையும் திட்டத்தில் எழுதுங்கள். முன்பதிவில் பயணம் செய்யும் எல்லோருடைய பெயரும் இருக்க வேண்டும். அப்பா பெயரில் மட்டும் 'நான்கு பேர்' என்று இருந்தால் மற்ற மூவரின் கோப்பில் சான்று இல்லாத மாதிரிதான். கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய அறையை எடுங்கள், ஆனால் விசா வரும் வரை ரத்து செய்யாதீர்கள். சில நேரம் ஹோட்டலுக்கே மின்னஞ்சல் அனுப்பிக் கேட்பார்கள்.

உறவினர் வீட்டில் தங்குவதென்றால் நாட்டுக்கு நாடு முறை வேறு. பிரான்ஸில் உள்ளவர் தன் ஊர் மேயர் அலுவலகத்தில் 'அட்டெஸ்டாசியோன் தக்கேய்' என்ற தங்குமிடச் சான்று வாங்க வேண்டும். கட்டணம் 30 யூரோ. அது வர நாளாகும் என்பதால் அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஜெர்மனியில் உள்ளவர் உங்கள் செலவை முறைப்படி ஏற்பதென்றால் அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் பொறுப்பேற்புப் பத்திரம் வாங்கலாம், 29 யூரோ. அங்கிருந்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய அழைப்புக் கடிதம் மட்டும் இவற்றுக்கு ஈடாகாது.

பயணக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையாமல், ஷெங்கன் நாடுகள் முழுவதற்கும், தங்கும் எல்லா நாட்களுக்கும், அவசர சிகிச்சை, மருத்துவமனை அனுமதி, உடலைத் தாயகம் கொண்டுவரும் செலவு ஆகியவற்றை உள்ளடக்கி இருக்க வேண்டும். சென்னையிலிருந்து கிளம்பும் நாளில் தொடங்கி, திரும்பி இறங்கும் நாள் வரை எடுங்கள். இரண்டு மூன்று நாள் கூடுதலாக எடுத்தால் விமானம் தாமதமானாலும் கவலை இல்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ள பெற்றோருக்கு எடுக்கும்போது ஏற்கெனவே உள்ள நோய்க்கு என்ன விதி என்பதைப் படித்துவிட்டு எடுங்கள். விசாவுக்கு மட்டும் என்று நினைத்து மிக மலிவானதை எடுத்தால், அங்கே ஒரு நாள் மருத்துவமனையில் படுக்க நேர்ந்தால் குடும்பமே திணறிப்போகும்.

கவர் லெட்டர் ஒரு பக்கம் போதும். யார் போகிறோம், எந்தத் தேதியில், எந்த ஊர்களுக்கு, செலவு யாருடையது, எப்போது திரும்புகிறோம், கோப்பில் புரியாமல் போகக்கூடியது எதுவும் இருந்தால் அதற்கு விளக்கம். 'ஐரோப்பாவின் அழகைக் காண வேண்டும் என்பது என் நெடுநாள் கனவு' என்றெல்லாம் எழுத வேண்டியதில்லை.

மையத்தில்

அப்பாயின்ட்மென்ட் தாள், பாஸ்போர்ட், பழைய பாஸ்போர்ட்டுகள், எல்லாத் தாள்களும் மையம் தந்துள்ள பட்டியலின் வரிசைப்படி. ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கோப்பு, குடும்பமாகப் போனாலும். விசா கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, 6 வயதுக்குக் கீழ் இலவசம். 2024 ஜூன் 11 முதல் இதுதான் கட்டணம். ரூபாயில் அன்றைய மாற்று மதிப்புக்கு வாங்குவார்கள். இதோடு மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டாலும் இரண்டும் திரும்ப வராது. கூரியர், எஸ்.எம்.எஸ்., பிரீமியம் லவுஞ்ச் எல்லாம் உங்கள் விருப்பம். அவற்றை எடுத்தால் விசா சீக்கிரம் கிடைக்கும் என்பது உண்மையல்ல.

பத்து விரல் ரேகையும் முகப்படமும் எடுப்பார்கள். 12 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கைரேகை இல்லை. விரல் நுனியில் வெட்டுக்காயம் இருந்தால் ஆறிய பின் போகும்படி தேதியை மாற்றுங்கள். வயதானவர்களுக்கும், வேலை செய்து கை காய்த்துப்போனவர்களுக்கும் ரேகை பதியத் தாமதமாகும். முதல் நாளிலிருந்தே தேங்காய் எண்ணெயோ கிரீமோ தடவிக் கையை மென்மையாக்கி, போகும்போது சுத்தமாகத் துடைத்துவிட்டுப் போங்கள்.

தாள் ஏதாவது குறைந்தால், குறைவு தெரிந்தே சமர்ப்பிக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். முக்கியமான தாள் என்றால் கையெழுத்துப் போட்டுவிட்டு வராதீர்கள். அதே நாளிலோ பின்னரோ கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பெற்றோரில் ஒருவரோடு மட்டும் குழந்தை போகிறது என்றால், மற்றவரின் சம்மதக் கடிதம் நோட்டரி சான்றோடு வேண்டும். பலருக்கு இது அந்த மேசையில் நிற்கும்போதுதான் தெரியவருகிறது.

விசா ஸ்டிக்கரைப் படிப்பது

பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண்ணைச் சரிபாருங்கள். தவறு இருந்தால் அன்றே மையத்துக்குத் தெரிவியுங்கள். பிறகு மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்: 'ஃப்ரம்–அன்டில்' தேதிகள், 'டியூரேஷன் ஆஃப் ஸ்டே', 'நம்பர் ஆஃப் என்ட்ரீஸ்'.

உதாரணமாக 10-05-26 முதல் 08-06-26 வரை, தங்கும் காலம் 15 நாள், நுழைவு 01 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 8 வரை இருக்கலாம் என்று பொருளல்ல. அந்த 30 நாளுக்குள் ஏதாவது 15 நாள் மட்டும்தான். மே 10 அன்று இறங்கினால் மே 24-க்குள் வெளியேற வேண்டும். விமானம் தள்ளிப்போய் மே 14 அன்று இறங்கினால் மே 28 வரை இருக்கலாம். கூடுதல் 15 நாள் அதற்குத்தான். இரவு 11.30-க்கு இறங்கினாலும் அது முதல் நாள். வெளியேறும் நாளும் கணக்கில் சேரும். நுழைவுக் கட்டத்தில் 'மல்ட்' என்றிருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் போய் வரலாம்.

நீண்ட கால விசா உள்ளவர்களுக்கு எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் 90 நாள் என்பது விதி. 2026 ஜனவரி 10 முதல் மார்ச் 10 வரை இருந்தால் 60 நாள் ஆகிவிட்டது. மே 1 அன்று மறுபடி போனால் 30 நாள்தான் மிச்சம், மே 30-க்குள் கிளம்பிவிட வேண்டும். ஜனவரி நாட்கள் கணக்கிலிருந்து ஒவ்வொன்றாகக் கழிய ஆரம்பிப்பது ஜூலை 9-இல்தான். ஐரோப்பிய ஆணையத்தின் தளத்தில் இதற்குக் கணக்கிடும் கருவி இருக்கிறது, அதில் தேதிகளைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

எல்லையில்

விசா என்பது வாசல் வரை போகும் உரிமை. உள்ளே விடுவது எல்லை அதிகாரியின் கையில். ஹோட்டல் பதிவு, திரும்பும் டிக்கெட், காப்பீடு, பணச் சான்று ஆகியவற்றின் நகலைக் கைப்பையிலேயே வைத்திருங்கள், செக்-இன் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். சென்னையிலிருந்து ஃபிராங்ஃபர்ட் வழியாகப் பாரிஸ் போகிறீர்கள் என்றால் குடிவரவுச் சோதனை ஃபிராங்ஃபர்ட்டில் நடக்கும். அங்கே வரிசை நீளமாக இருக்கும், அடுத்த விமானத்துக்கு ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்ற இணைப்பை எடுக்காதீர்கள். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக வந்த மின்னணு நுழைவு–வெளியேற்றப் பதிவு முறையில், எல்லையிலும் முகப்படமும் கைரேகையும் சரிபார்க்கிறார்கள். முத்திரைக்குப் பதில் கணினியே நாளை எண்ணுகிறது. ஒரு நாள் கூடுதலாகத் தங்கினாலும் பதிவாகிவிடும். இ.டி.ஐ.ஏ.எஸ். என்று செய்திகளில் வரும் முன்அனுமதி, விசா தேவைப்படாத நாட்டவர்களுக்கானது. இந்திய, இலங்கை பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு அது பொருந்தாது.

10,000 யூரோ அல்லது அதற்கு மேல் ரொக்கம் கொண்டுபோனால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். இந்தியாவிலிருந்து வெளிநாட்டு நோட்டாகப் பொதுவாக 3,000 டாலர் மதிப்புக்கு மேல் எடுத்துப் போக முடியாது என்பதால், மீதியை ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றிக்கொள்வதுதான் வழி.

மறுக்கப்பட்டால்

பாஸ்போர்ட்டோடு ஒரு படிவம் வரும். காரணங்கள் வரிசையாக அச்சிடப்பட்டு, உங்களுக்குரியது குறியிடப்பட்டிருக்கும். தங்குவதற்கான நோக்கமும் சூழலும் நிரூபிக்கப்படவில்லை, போதிய பணம் இருப்பது நிரூபிக்கப்படவில்லை, விசா முடியும் முன் வெளியேறுவீர்களா என்பதில் சந்தேகம், கொடுத்த தகவல் நம்பகமாக இல்லை ஆகியவை அடிக்கடி வருபவை. மேல்முறையீடு எங்கே, எத்தனை நாளுக்குள் என்பதும் அதே தாளில் இருக்கும், நாட்டுக்கு நாடு அது மாறும். ஜெர்மனி 2025 ஜூலை 1 முதல் தூதரகத்திலேயே மறுபரிசீலனை கேட்கும் முறையை நிறுத்திவிட்டது. அங்கே இப்போது புதிதாக விண்ணப்பிக்கலாம், இல்லையென்றால் நீதிமன்றம்.

அதே தாள்களை அப்படியே அடுத்த வாரம் மறுபடி கொடுத்தால் முடிவு மாறாது. குறியிட்ட காரணத்தை எடுத்து, எந்தத் தாள் அதை உண்டாக்கியது என்று தேடுங்கள். பணத்தின் மூலம் விளங்கவில்லை என்றால் மூன்று மாதம் கணக்கை இயல்பாக ஓடவிட்டுப் பிறகு போடுங்கள். நோக்கம் விளங்கவில்லை என்றால் பயணத் திட்டத்தையும் ஹோட்டலையும் தேதி தேதியாக ஒப்பிட்டுப் பாருங்கள். வேறு நாட்டுக்கு மாற்றி விண்ணப்பித்துத் தப்பிக்க முடியாது, எல்லா ஷெங்கன் நாடுகளும் ஒரே தகவல் தொகுப்பைப் பார்க்கின்றன. விண்ணப்பப் பதிவு அதில் 5 ஆண்டு இருக்கும். பிரிட்டன், அமெரிக்கா விண்ணப்பங்களில் முன்பு விசா மறுக்கப்பட்டதா என்று கேட்கும்போது ஆம் என்றே எழுதுங்கள். மறுப்பு மன்னிக்கப்படும், மறைத்தது மன்னிக்கப்படாது. ஏஜென்ட் வைத்துச் செய்தாலும் கோப்பு உங்கள் கையெழுத்தோடுதான் போகிறது, அவர் செருகிய பொய்த் தாளுக்கும் நீங்களே பொறுப்பு. சமர்ப்பிக்கும் முன் ஒவ்வொரு தாளையும் நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள்.

கிடைத்த விசாவை ஒழுங்காகப் பயன்படுத்தித் திரும்பியவர்களுக்கு அடுத்த முறை வழி எளிதாகும். இந்தியர்களுக்கு 2024 ஏப்ரல் 18 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, மூன்று ஆண்டுக்குள் இரண்டு ஷெங்கன் விசா வாங்கி முறையாகப் பயன்படுத்தியிருந்தால், அடுத்து இரண்டு ஆண்டுக்கான பலமுறை நுழைவு விசா தரலாம். அதன் பிறகு ஐந்து ஆண்டுக்கும், பாஸ்போர்ட்டில் அவ்வளவு காலம் மிச்சமிருந்தால். ஆகவே பழைய விசா உள்ள பாஸ்போர்ட் காலாவதியானாலும் தூக்கிப் போடாதீர்கள். போர்டிங் பாஸையும் ஹோட்டல் பில்லையும் அதனுள்ளேயே வைத்துப் பத்திரப்படுத்துங்கள்.